ஜூலியா சைல்ட் ரசிகர்கள் யாராவது இருக்கிறீர்களா? (சமைக்கத் தெரியாதவர்களும் வரலாம்)

கும்பகோணத்துக்காரி:
எங்கள் வீட்டில் சில கிழமைகளில் வெங்காயத்துக்கே தடை. முட்டை வாசற்படியைத் தாண்டியதில்லை. அப்படிப்பட்ட வீட்டில், எல்லோரும் தூங்கிய பிறகு, காதில் மாட்டிக்கொண்டு நான் பார்ப்பது என்ன தெரியுமா? ஆறடி இரண்டு அங்குல உயரமுள்ள ஓர் அமெரிக்க அம்மாள், கறுப்பு வெள்ளையில், மாட்டிறைச்சித் துண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வறுப்பதை! ஜூலியா சைல்டின் ‘தி பிரெஞ்ச் செஃப்’ சமையல் நிகழ்ச்சியின் முதல் பகுதி அது. 1963இல் வந்தது. அந்த உணவை நான் வாழ்நாளில் சாப்பிடப்போவதில்லை. ஆனால் ஈரத்தைத் துடைக்காவிட்டால் நிறம் ஏறாது, வாணலியில் நெருக்கியடித்துப் போட்டால் வறுபடாமல் வெந்துவிடும் என்று அவர் சொன்ன இரண்டு விஷயமும் எங்கள் வீட்டு வாழைக்காய் வறுவலை மாற்றிவிட்டன. மாமியாரே இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். காரணத்தை நான் சொல்லவில்லை.

என் கேள்வி இதுதான். தொலைக்காட்சியில் சமையல் செய்பவர்கள் எத்தனையோ பேர். சாப்பிட முடியாத உணவைச் செய்கிற இந்த ஒருவரை மட்டும் ஏன் விடாமல் பார்க்கிறேன்? உங்களில் யாருக்காவது இப்படி உண்டா?

எதிர்க்கேள்வி:
எனக்கு இல்லை. பழைய காலம், கறுப்பு வெள்ளை, வெளிநாடு. இந்த மூன்றும் சேர்ந்தால் நம்மவர்களுக்கு எதுவும் காவியமாகிவிடும். கோழியைத் தரையில் தவறவிட்டு, எடுத்துத் துடைத்து, மறுபடியும் தட்டில் வைத்தாரே, அந்த அம்மாள்தானே? நம் ஊர்ப் பெண்மணி ஒருவர் அப்படிச் செய்திருந்தால் இதே மன்றத்தில் எத்தனை பக்கத்துக்குத் திட்டியிருப்பீர்கள்?

சார்லஸ்_நதிக்கரை:
ஐயா, அந்தக் கோழி விழவே இல்லை. சிலர் வான்கோழி என்பார்கள், சிலர் வாத்து என்பார்கள், ஒருவர் என்னிடம் ஆட்டுத்தொடை என்று சத்தியம் செய்தார். நடந்தது உருளைக்கிழங்கு அடை. 1963ஆம் ஆண்டுப் பகுதி ஒன்றில் வாணலியை உதறித் திருப்பும்போது பாதி அடுப்பு மேடையில் சிதறியது. திருப்பும்போது எனக்குத் துணிச்சல் போதவில்லை, அதனால்தான் இப்படி ஆனது என்று காரணத்தைச் சொன்னார். பிறகு சிதறியதை அள்ளி வாணலியில் ஒட்டவைத்துக்கொண்டே, சமையலறையில் தனியாக இருந்தால் யார் பார்க்கப்போகிறார்கள் என்றார். அவ்வளவுதான். தரைக்கு எதுவும் போகவில்லை.

எனக்கு அந்த இரண்டாவது வாக்கியத்தைவிட முதல் வாக்கியம்தான் பிடிக்கும். எல்லோரும் ‘யார் பார்க்கப்போகிறார்கள்’ என்பதையே சொல்லிச் சிரிக்கிறார்கள். ‘தயங்கினேன், அதனால் சிதறியது’ என்பதுதான் பாடம். தோசையைத் திருப்பக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் அதையேதான் சொல்ல வேண்டும்.

அதை வெட்டி எறியாமல் அப்படியே ஒளிபரப்பியதற்கும் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் காணொளி நாடாவை வெட்டி ஒட்டுவது செலவும் சிரமமும் பிடித்த வேலை. பாஸ்டனின் டபிள்யூ.ஜி.பி.எச். பொதுத் தொலைக்காட்சி, காசில்லாத இடம். 1961 அக்டோபரில் அவர்கள் நிலையம் தீப்பிடித்து எரிந்தே போயிருந்தது. நிகழ்ச்சியை எடுத்தது பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜ் ஊரின் மின்சார நிறுவனத்தின் செயல்விளக்கச் சமையலறையில், இரவல் இடத்தில். ஏறத்தாழ அரைமணி நேரத்தை ஒரே ஓட்டமாக எடுத்துவிடுவார்கள். நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே எது சிதறினாலும் அவர் பேசிக்கொண்டே போக வேண்டியதுதான்.

எதிர்க்கேள்வி:
அப்படியென்றால் நேர்மை என்று நீங்கள் கொண்டாடுவது வெறும் பணப் பற்றாக்குறை. அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

கும்பகோணத்துக்காரி:
பணப் பற்றாக்குறையில் எடுத்த நிகழ்ச்சி உலகத்தில் அது ஒன்றுதானா? மற்றவற்றில் சமைப்பவர் சிதறியதை மறைத்துக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார். இவர் அதைக் காட்டிப் பாடம் நடத்தினார். செலவு கட்டாயப்படுத்தியது நிற்காமல் எடுப்பதை மட்டும்தான்.

வெண்ணெய்த்தாழி:
வந்துவிட்டேன். மன்னார்குடிக்காரன் இல்லாமல், வெண்ணெயை விடாத அம்மாளைப் பற்றிய இழையா?

எனக்குப் பிடித்தது அந்த அம்மாளின் கை. உப்பைக் கிள்ளும் கை, கோழியின் தொடையைத் தட்டும் கை. 1971 வண்ணப் பகுதி ஒன்றில் ஆறு பச்சைக் கோழிகளைச் சிறியது முதல் பெரியது வரை வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொன்றுக்கும் குமாரி இன்னார், குமாரி இன்னார் என்று அழகிப் போட்டி அறிவிப்பாளர் தோரணையில் அறிமுகம் செய்வார். கடைசியில் இருப்பது மட்டும் கிழக் கோழி, அதற்குத் திருமதி மரியாதை. சிரித்து முடித்த பிறகுதான் தெரியும், எந்த வயதுக் கோழி எதற்கு உதவும் என்பது மனத்தில் தங்கிவிட்டது என்று. வறுக்க இளசு, குழம்புக்கு முற்றல். இதை எங்கள் ஊர்க் கறிக்கடைக்காரர் இருபது வருடமாகச் சொல்கிறார். நான் காது கொடுக்கவில்லை.

இன்னொன்று. அவர் குடித்துவிட்டுச் சமைக்கிறார் என்று யாராவது எழுதும் முன் சொல்லிவிடுகிறேன். முடிவில் கோப்பையைத் தூக்கிப் பருகுவாரே, அந்தச் சிவப்பு மது பெரும்பாலும் தண்ணீர். குழம்புக்கு நிறமேற்றும் ஒரு கரைசலைச் சில துளிகள் கலந்திருப்பார்கள். உண்மையான திராட்சை மதுவுக்குப் பணமில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு பேசுவதும் சுருதி ஏறி இறங்குவதும் அவருடைய இயல்பான குரல்.

பேராதனை_மழை:
கண்டியிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஒருவரும் எங்கள் ஊரைக் குறிப்பிடாதது எனக்குச் சற்று மனவருத்தம்.

ஜூலியா மக்வில்லியம்ஸ் என்ற பெயரில், திருமணத்துக்கு முன்னர், 1944இல் அவர் இங்கேதான் இருந்தார். அமெரிக்க உளவு நிறுவனமான ஓ.எஸ்.எஸ்.இன் கண்டிக் கிளை. மவுண்ட்பேட்டன் தமது தென்கிழக்காசியத் தலைமையகத்தை டெல்லியிலிருந்து பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு மாற்றிய வருடம் அது. கப்பலில் பம்பாய்க்கு வந்து இறங்கி, அங்கிருந்து இலங்கைக்கு வந்தார். உளவுப் பெண் என்று பத்திரிகைகள் பெரிதாக எழுதும். வேலை என்னவோ பதிவகப் பொறுப்பு. இரகசிய ஆவணங்கள் எல்லாம் அவர் கையைக் கடந்துதான் போகும், வரும். எது எந்தக் கோப்பில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும். பின்னாளில் ஒரு குழம்பை எழுதப் பக்கக்கணக்கில் குறிப்பெடுத்த மனுஷி எங்கே பழகினார் என்று நான் யோசிப்பதுண்டு. இது என் ஊகம்தான், ஊர்ப்பற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பால் சைல்டை அவர் சந்தித்ததும் கண்டியில். பால் வரைபடங்களும் போர்க்கள விளக்கப் படங்களும் தயாரிக்கும் பிரிவில் இருந்தார். அவரை விடப் பத்து வயது மூத்தவர், உயரத்தில் குறைந்தவர், நல்ல சாப்பாட்டில் பிரியமுள்ளவர். அப்போது ஜூலியாவுக்குச் சமையல் தெரியாது. பிறகு இருவரும் சீனாவுக்கு மாற்றலானார்கள். 1946இல் திருமணம். பாலுடைய வேலைக்காக 1948இல் பிரான்ஸுக்குப் போனபோது ரூவான் நகரத்தில் வெண்ணெயில் வதக்கிய ஒரு மீன்தான் அவரைக் கவிழ்த்தது. சமையல் பள்ளியில் சேர்ந்தபோது வயது 37.

சார்லஸ்_நதிக்கரை:
நல்ல தகவல், பேராதனை. 37 என்பதை இங்கே பலமுறை எழுதி ஒட்டலாம். கல்யாணச் சந்தையில் ‘பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா’ என்று கேட்கிறவர்களுக்காக.

எதிர்க்கேள்வி:
சரி, நான் கேட்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. 1961இல் வந்த அந்தப் பெரிய சமையல் நூலை எழுதியவர்கள் மூன்று பேர். சிமோன் பெக், லூயிசெட் பெர்த்தோல் என்ற இரண்டு பிரெஞ்சுப் பெண்கள் அதில் உண்டு. புகழ் முழுவதும் போனது கேமரா முன்னால் நின்றவருக்கு. அது போகட்டும். கணவர் பாத்திரம் கழுவினார், சாமான் சுமந்தார், அறிவிப்பு அட்டை எழுதினார். மேடைக்கு அடியில் தன்னார்வலர்கள் உட்கார்ந்து பாத்திரங்களை வாங்கிக்கொண்டார்கள். பாதி வெந்தது, முக்கால் வெந்தது, முழுதும் வெந்தது என்று ஒரே உணவை மூன்று நிலையில் தயாராக வைத்திருந்தார்கள். இத்தனை பேர் இருந்தால் யார்தான் நன்றாகச் சமைக்கமாட்டார்கள்? தனியாகச் சமைக்கிற ஒரு பெண்ணுக்கு இது ஏமாற்று வேலை இல்லையா?

கும்பகோணத்துக்காரி:
பாத்திரம் கழுவிய கணவரைக் குற்றமாகச் சொல்லும் முதல் ஆண் நீங்கள்தான் ஐயா.

சார்லஸ்_நதிக்கரை:
ஜூலியாவின் சட்டையில் வட்டமாக ஒரு பேட்ஜ் குத்தியிருக்கும், கவனித்திருக்கிறீர்களா? பாரிஸில் அந்த இரண்டு பெண்களோடு சேர்ந்து நடத்திய சமையல் பள்ளியின் சின்னம் அது. பகுதிக்குப் பகுதி குத்திக்கொண்டு வந்தார். சிமோன் பெக்கோடு சேர்ந்து 1970இல் இரண்டாம் தொகுதியும் எழுதினார். கேமரா முன்னால் நின்றவருக்குப் புகழ் கூடுதலாகப் போனது உண்மை. அதற்கு அவர் மட்டும் பொறுப்பா என்றால் எனக்குத் தெரிந்து இல்லை.

தொலைக்காட்சிக்கு அவர் வந்ததே புத்தகத்தை விற்கத்தான். 1962இல் நூல் விமரிசன நிகழ்ச்சி ஒன்றுக்கு அழைத்தார்கள். பேராசிரியர்கள் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகும் நிகழ்ச்சி. இவர் ஒரு மின்சார அடுப்பைக் கையோடு கொண்டுபோய் ஆம்லெட் போட்டார். நிலையத்துக்கு 27 கடிதங்கள் வந்தன, இன்னும் காட்டுங்கள் என்று. அந்த ஊரில், அந்தக் காலத்தில், அது பெரிய எண்ணிக்கை. மாதிரிக்கு 3 பகுதிகள் எடுத்துப் பார்த்துவிட்டு, 1963 பிப்ரவரி 11 அன்று தொடரைத் தொடங்கினார்கள். 1966இல் எம்மி விருது, அதே ஆண்டு டைம் இதழின் அட்டை.

மன்ற_மேற்பார்வை:
தலைப்பு ரசிகர்களுக்கானது. கணவர்கள் பாத்திரம் கழுவுவது குறித்துத் தனி இழை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, இடமும் நிறைய இருக்கிறது.

ஈயச்சொம்பு:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கேள்வி ஐயா கேட்டதில் ஒரு பாதி நியாயம். மூன்று நிலையில் உணவைத் தயாராக வைப்பது எல்லா நிகழ்ச்சியிலும் உண்டு. ஜூலியா அதை ஒளிக்கவில்லை. ‘இது மூன்று மணி நேரம் வேக வேண்டும், வெந்தது இதோ’ என்று நேரத்தைச் சொல்லிவிட்டு எடுப்பார். எனக்கு எரிச்சல் தருவது வேறு. இன்றைய நிகழ்ச்சிகளில் எல்லாம் நறுக்கி, சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் அடுக்கியிருக்கும். சமைப்பவர் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டே ‘இரண்டே நிமிடம்’ என்பார். நறுக்க எடுத்த முக்கால் மணி நேரம் யாருடைய கணக்கில்? வெங்காயம் பொன்னிறமாக இரண்டு நிமிடத்தில் எந்த அடுப்பில் வதங்கியிருக்கிறது?

ஜூலியாவின் வெங்காய சூப்பைப் பாருங்கள். வெண்ணெயில் மூடி வைத்து 15 நிமிடம். பிறகு மூடியை எடுத்து உப்பும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் போட்டுக் கிளறிக் கிளறி மேலும் 30 முதல் 40 நிமிடம். சர்க்கரை எதற்கு? நிறத்துக்கு. சூப் கொதிக்கும் நேரம் தனி. அவரை நம்பிச் சமைத்தால் அரைமணியில் விருந்தாளி வந்து நின்று கையைப் பிசைய வேண்டிய நிலை வராது.

கும்பகோணத்துக்காரி:
ஈயச்சொம்பு, நான் சொல்லத் தெரியாமல் தவித்ததைச் சொல்லிவிட்டீர்கள். காரணத்தையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்கிறார்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போனால் என்ன செய்வது என்று சொல்வது. அவருடைய புத்தகத்தில் ஹாலந்தேஸ் என்ற முட்டை வெண்ணெய்ச் சாறு திரிந்துபோனால் மீட்கும் வழி இருக்கிறது. ஒரு கிண்ணத்தை வெந்நீரில் அலசி, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் ஒரு மேசைக்கரண்டி திரிந்த சாறும் ஊற்றிக் கெட்டியாகும்வரை அடித்து, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். நான் ஹாலந்தேஸ் செய்யப்போவதில்லை. ஆனால் எனக்கு மோர்க்குழம்பு சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லோரும் ‘திரியாமல் பார்த்துக்கொள்’ என்றார்கள். திரிந்த பிறகு என்ன என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. திரிந்தால் குற்றம் உன்னுடையது, அதோடு பேச்சு முடிந்தது. இந்த அம்மாள் அந்த இடத்தில்தான் பேச்சையே தொடங்குகிறார்.

திரைக்கதை_மோகன்தாஸ்:
2009இல் மெரில் ஸ்ட்ரீப் ஜூலியாவாக நடித்த படத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஜூலியாவைத் தேடிப் போனேன். சீனியர்களிடம் ஒரு சந்தேகம். கறுப்பு வெள்ளை எனக்குத் தூக்கம் வரவழைக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

வெண்ணெய்த்தாழி:
தம்பி, 1970க்குப் பிறகு வந்தவை எல்லாம் வண்ணம். ஆம்லெட்டுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் தொடங்குங்கள். இரண்டு மூன்று முட்டை, ஒரு துண்டு வெண்ணெய், நுரை அடங்கியதும் முட்டையை ஊற்றி, கைப்பிடியைப் பிடித்துத் தன் பக்கமாக வெடுக்கு வெடுக்கென்று இழுப்பார். கரண்டியே வேண்டாம். அரை நிமிடத்துக்குள் உருண்டு தட்டில் விழுந்துவிடும். விடுதியில் இருந்தால் முதலில் பயறை வாணலியில் போட்டு இழுத்துப் பழகுங்கள், முட்டை விலை விற்கிற விலையில்.

முதுமைக் காலத்தில் ஜாக் பெப்பானோடு சேர்ந்து 1999இல் செய்த தொடரும் உண்டு. அவர் பிரான்ஸிலேயே சின்ன வயதில் தொழில் பழகிய சமையற்காரர். வெள்ளை மிளகா கறுப்பு மிளகா என்று இருவரும் சண்டை பிடிப்பார்கள். ஜூலியாவுக்கு வெள்ளை. ஒரே உணவை அவரவர் வழியில் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். இரண்டும் சரி என்று ஒரு சமையல் நிகழ்ச்சி ஒப்புக்கொள்வது எனக்கு அங்கேதான் முதல் அனுபவம். நம் வீடுகளில் சாம்பாருக்கு வெல்லம் போடலாமா கூடாதா என்பதிலேயே சம்பந்தம் முறிந்திருக்கிறது.

பொடோமாக்_தமிழன்:
வாஷிங்டன் வருகிறவர்கள் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் அவருடைய சமையலறையைப் பாருங்கள். கேம்பிரிட்ஜ் வீட்டில் இருந்ததை 2001இல் கழற்றிக் கொண்டுவந்து அப்படியே அமைத்திருக்கிறார்கள். ஜாக் பெப்பானோடு நடத்திய தொடரை எடுத்ததும் அதே சமையலறையில்தான். மேடையின் உயரம் 38 அங்குலம், வழக்கமானது 36. அவருடைய உயரத்துக்காக உயர்த்தினார்கள். சுவரில் துளைப்பலகை. எந்தப் பாத்திரம் எங்கே தொங்க வேண்டும் என்று கணவர் பால் அதன் உருவத்தைக் கோடிட்டு வரைந்து வைத்திருக்கிறார். யார் கழுவினாலும் திரும்பச் சரியான ஆணிக்கே போகும். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, எங்கள் வீட்டில் இட்லித் துணியைத் தேடும் நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு அங்குலம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். என் அம்மா நாலடி பத்து அங்குலம். வாழ்நாள் முழுக்க யாருடைய அளவுக்கோ கட்டிய மேடையில் தோளைத் தூக்கிக்கொண்டே சப்பாத்தி தேய்த்தார்.

எதிர்க்கேள்வி:
இதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டு மேடையைக் கட்டிய கொத்தனார் யாரையும் கேட்கவில்லை.

ஆனால் வெண்ணெயை விடமாட்டேன். இதயநோய் மருத்துவர்களுக்கு அவர் செய்த சேவை கொஞ்சமா?

ஈயச்சொம்பு:
அமெரிக்காவில் கொழுப்பு என்றாலே எல்லோரும் நடுங்கிய காலத்திலும் அவர் வெண்ணெயை விடவில்லை. குறைவாகச் சாப்பிடு, நல்லதைச் சாப்பிடு என்பது அவர் கட்சி. 92 வயது நிறைய இரண்டு நாள் இருக்கும்போது, 2004 ஆகஸ்ட் 13இல் இறந்தார். இதை வெண்ணெய்க்குச் சான்றிதழாக நான் நீட்டவில்லை. அவருடைய அளவுகளை அப்படியே நம் வீட்டில் தினமும் பின்பற்றினால் மருத்துவர் வீட்டில் மாடி எழும்.

எந்த நிறுவனத்தின் பொருளுக்கும் அவர் விளம்பரத்தில் தோன்றவில்லை என்பது எனக்கு இதைவிட முக்கியம். ‘இந்த மசாலாவை வாங்குங்கள்’ என்று ஒரு தடவைகூடச் சொல்லாதவர், வெண்ணெய் போடு என்றால், சொந்த நாக்கு சொல்லித்தான் சொல்கிறார்.

கும்பகோணத்துக்காரி:
வெங்காய சூப்பை நானே செய்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். மாட்டெலும்புச் சாற்றுக்குப் பதில் என்ன ஊற்றலாம்? மேலே போடும் சீஸ் சைவம்தானே?

சார்லஸ்_நதிக்கரை:
சாற்றுக்கு: காரட், செலரி, வெங்காயத்தை எண்ணெயில் கருஞ்சிவப்பாக வறுத்து, உலர்ந்த காளானைச் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். நிறத்துக்கு வெங்காயத் தோலையும் போடலாம். வெறும் தண்ணீர் ஊற்றினால் இனிப்பு மட்டும் தூக்கும்.

சீஸ் விஷயம் கவனம். அவர் சொல்வது சுவிஸ் வகை. அசல் க்ரூயேர் சீஸில் பாலை உறையவைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்ப்பார்கள். விதியே அப்படி.

கும்பகோணத்துக்காரி:
ஐயையோ. மாமியார் காதில் விழுந்தால் வீட்டையே கழுவிவிட வேண்டும்.

பேராதனை_மழை:
அக்கா, இந்தியாவில் பச்சைப் புள்ளி போட்டு விற்கும் சீஸ் வாங்குங்கள், அதில் அந்தச் சிக்கல் இல்லை. அல்லது சூப்பை விட்டுவிட்டு அவருடைய ரட்டட்டூய் செய்யுங்கள். கத்திரிக்காய், சுக்கினி (பிஞ்சுச் சுரைக்காய் போன்ற ஒரு காய்), குடைமிளகாய், தக்காளி, வெங்காயம், பூண்டு. பால்கூடக் கிடையாது.

எதிர்க்கேள்வி:
அதாவது கத்திரிக்காய்க் கூட்டு. இதற்கு எதற்கு பிரான்ஸ்?

பேராதனை_மழை:
கூட்டில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வேகவைக்கிறோம். இங்கே ஒவ்வொன்றும் தனி. கத்திரிக்காயையும் சுக்கினியையும் விரல் கனத்துக்குச் சற்றுக் குறைவாக நீள வாட்டில் நறுக்கி, உப்புத் தூவி 30 நிமிடம் வைத்து, துணியில் ஒற்றி எடுங்கள். ஒலிவ் எண்ணெயில் ஒரு அடுக்கு மட்டும், பக்கத்துக்கு ஒரு நிமிடம் வாட்டுங்கள். அதே வாணலியில் வெங்காயமும் குடைமிளகாயும் வதக்கி, தோலும் விதையும் நீக்கிய தக்காளியை மேலே பரப்பி நீர் வற்றவிடுங்கள். பிறகு பாத்திரத்தில் தக்காளி ஒரு அடுக்கு, கத்திரிக்காய் ஒரு அடுக்கு என்று அடுக்கி, 10 நிமிடம் மூடியும் அதன்பின் 15 நிமிடம் மூடாமலும் சிறு தீயில் வையுங்கள். கிளறக் கூடாது. பாத்திரத்தைச் சாய்த்து ஊறும் சாற்றைக் கரண்டியால் எடுத்து மேலே விடுங்கள்.

எங்கள் பக்கத்து நீளக் கத்திரிக்காயில் செய்தால் உப்பில் வைக்கும் நேரத்தைக் குறைக்கலாம், அதில் அவ்வளவு நீர் இல்லை.

கும்பகோணத்துக்காரி:
சுக்கினி இங்கே கிடைக்காது. பீர்க்கங்காய் போட்டால் குழைந்துவிடுமா?

ஈயச்சொம்பு:
குழையும். பிஞ்சுச் சுரைக்காய் போடுங்கள், தோலோடு. உப்பில் வைத்து ஒற்றுவதை மட்டும் விடாதீர்கள்.